வினையிழந்து வரும் பேச்சுத் தமிழ்

தமிழர் பேசும் தமிழ் கெட்டுவிட்டது என்னும் முறையீட்டைக் கேளாத தமிழ் மேடை இந்நாட்டில் இல்லை. ஆசிரியர் கருத்தரங்காயினும், கோயில் விழாவாயினும், பள்ளிப் பரிசளிப்பாயினும், பேச எழுபவர் இரண்டாம் வாக்கியத்திலேயே அதற்கு வந்துவிடுகிறார். அவர் காட்டும் சான்றுகளும் பெரும்பாலும் மாறுவதில்லை. ‘வந்துவிட்டார்கள்’ என்னாமல் ‘வந்துட்டாங்க’ என்கிறோம். பேருந்தைப் ‘பஸ்’ என்கிறோம். பழத்தைப் ‘பலம்’ என்கிறோம். ஆகவே தமிழ் அழிகிறது என்பார். கேட்போரும் கைதட்டிவிட்டு, ‘என்னா லா, தேத்தண்ணி குடிக்கலாமா?’ என்று எழுந்து போகின்றனர்.

இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது சரியன்று. முதலாவது குற்றமே அன்று. இரண்டாவது, அளவோடு இருப்பின், எம்மொழியிலும் நிகழ்வது. மூன்றாவது உண்மையான குறைதான். ஆயினும் அது இன்று நேற்றுத் தோன்றியதன்று. இவற்றினும் பெரிய இழப்பொன்று நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் நடைபெறுகிறது. அதனைப் பற்றி மேடைகளில் எவரும் பேசக் கேட்டேனில்லை. பல்லாண்டுகளாகத் தோட்டப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு வருபவன் என்னும் முறையில் அதனை ஆசிரியத் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கண், பேச்சு வழக்கு என்பது கொச்சையன்று என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், அந்நூலாசிரியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்கிறார். நன்னூலாரோ மரூஉ மொழியையும் இயல்பு வழக்கின் ஒரு வகையாகவே வைத்தார். தஞ்சாவூர் தஞ்சையானதை அவர் மரபு பிழை என்று தள்ளவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். பின்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தமிழ்நாட்டுப் புலவர் பலர் பேச்சுக்கு இலக்கணமே இல்லை என்றிருந்த காலத்தில், அயல்நாட்டார் ஒருவர் இருக்கிறது என்று எழுதி வைத்தார். நம் காலத்தில் ஹெரால்டு ஷிஃப்மன் 1999-இல் பேச்சுத் தமிழுக்கென்றே முழு இலக்கண நூலொன்றை வெளியிட்டார்.

விதி இருக்கிறதா என்பதை அறிய நூல்கூட வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள பிள்ளையின் வாயைக் கவனித்தால் போதும். ‘படித்தான்’ என்பது பேச்சில் ‘படிச்சான்’ ஆகிறது. ‘அடித்தான்’ ‘அடிச்சான்’ ஆகிறது. ‘நினைத்தான்’ ‘நினைச்சான்’ ஆகிறது. ‘வைத்தான்’ ‘வச்சான்’ ஆகிறது. ஆனால் ‘எடுத்தான்’ ‘எடுச்சான்’ ஆவதில்லை. ‘படுத்தான்’ ‘படுச்சான்’ ஆவதில்லை. என்ன காரணம்? வினைப்பகுதி இகரத்திலோ ஐகாரத்திலோ முடிந்தால் தகரம் சகரமாகத் திரிகிறது. உகரத்தில் முடிந்தால் திரிவதில்லை. ‘தெரிந்தது’ ‘தெரிஞ்சது’ ஆவதும், ‘நடந்தது’ ‘நடந்தது’ என்றே நிற்பதும் அதே முறையின் பாற்பட்டவை. எழுத்தறியாத பாட்டியும் இவ்விதியில் தவறமாட்டார். நூற்பா எழுதப்படாத விதியாயினும் விதி விதியே. ஆதலின் ‘படிச்சான்’ என்னும் பிள்ளை தமிழைக் கெடுக்கவில்லை. தமிழின் ஒரு விதியைப் பிழையறக் கடைப்பிடிக்கிறது.

அடுத்து, பிறமொழிச் சொற்கள். இந்நாட்டுத் தமிழர் தோட்டங்களில் குடியேறிய நாள்முதல் அயற்சொற்களை எடுத்து ஆண்டே வந்திருக்கின்றனர். ஆனால் எடுத்ததை எப்படி ஆண்டனர் என்பதில்தான் செய்தி இருக்கிறது. மலாய்க்காரர் ‘கெத்தா’ என்றதை நம்மவர் ‘கித்தா’ ஆக்கிக் கித்தா மரம், கித்தாக் காடு என்று தமிழ்த் தொகைகளில் சேர்த்தனர். ‘கம்போங்’ கம்பமாயிற்று, அதிலிருந்து கம்பத்து வீடு பிறந்தது. விடியற்காலையில் துரைமாரும் கிராணிமாரும் ஆள் எண்ணிய ஆங்கிலப் ‘பரேடு’ பெரட்டாகி, அது நடந்த இடம் பெரட்டுக்களம் ஆயிற்று. சாலையோரத்து மைல்கல்லைக் கட்டை என்றனர். பிறகு அதுவே தொலைவின் அளவாகிப் ‘பட்டணம் நாலு கட்டை’ என்னும் பேச்சு வந்தது. ஊர்ப் பெயர்கள்கூடத் தமிழ் வாய்க்கேற்பக் கிள்ளான் என்றும் சிரம்பான் என்றும் பினாங்கு என்றும் அமைந்தன. வடசொல் தமிழொலிக்கு ஏற்பத் திரிந்து வருவதைத் தற்பவம் என்று நன்னூல் உரைகள் கூறுகின்றன. தோட்டத்து மக்கள் நன்னூல் படியாமலே தற்பவம் செய்தவர்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் நூலாக வெளிவந்தது. மேடானிலும் பினாங்கிலும் பேசப்பட்ட தமிழ் அதன் உரையாடல்களில் எத்தனை மலாய்ச் சொற்களைத் தாங்கி நிற்கிறது! அதைப் படிப்பவர் எவரும் தமிழ் தளர்ந்துவிட்டதாக எண்ணார். தமிழ் கடல் கடந்து வலுவோடு நடமாடுகிறது என்றே எண்ணுவர்.

மலாய்க்காரரும் நம்மிடமிருந்து கடையையும் கப்பலையும் கட்டிலையும் பெட்டியையும் வணிகத்திற்குரிய முதலையும் எடுத்துத் தம் ஒலிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். அதனால் மலாய்மொழி குன்றவில்லை. வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வைக்கூட நான் பெரிதாகக் கண்டிப்பதில்லை. இடைச்சொற்களுக்குக் குறைவில்லாத நம் மொழியில் இன்னுமோர் இடைச்சொல் சேர்ந்தால் சேரட்டும். கட்டுரையில் வந்தால் மட்டும் சிவப்பு மையால் அடித்துவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கொழிந்த அல்லது அருகிய நல்ல வழக்குகள் இங்கே உயிரோடிருக்கின்றன. காலையுணவு உண்பதை இந்நாட்டில் ‘பசியாறுதல்’ என்கிறோம். காலையில் இருவர் எதிர்ப்பட்டால் ‘பசியாறியாச்சா?’ என்பதே முதற்கேள்வி. தமிழ்நாட்டு நகரங்களிலோ அதற்கு ‘டிபன்’ வந்து நெடுநாளாயிற்று. ரிங்கிட்டை வெள்ளி என்றும் சென்னைக் காசு என்றும் இன்றும் சொல்லுகிறோம். ஆகவே இந்நாட்டுப் பேச்சுத் தமிழைத் தாழ்ந்ததென்று கருதி நாணுவதற்கு இடமேயில்லை.

நிற்க. இனி உண்மையான இழப்பிற்கு வருவோம். நாம் இழந்து வருவது பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல்.

சமையற்கட்டை எடுத்துக்கொள்க. கீரையை ஆய்ந்து, பிறகு அரிகிறோம். காயை நறுக்குகிறோம். தேங்காயை உடைத்துத் துருவுகிறோம். மாங்காயைச் சீவுகிறோம். கறிவேப்பிலையை உருவுகிறோம். மீனை ஆய்கிறோம். விறகைப் பிளக்கிறோம். இத்தனைக்கும் இன்றைய பிள்ளையிடம் உள்ள சொல் ஒன்றே: ‘கட் பண்ணு’. அரிசியைக் களைதல், பாத்திரத்தைத் துலக்குதல், துணியைத் துவைத்தல், துவைத்ததை அலசுதல், காலை அலம்புதல், தலை முழுகுதல் ஆகிய அனைத்தும் ‘வாஷ் பண்ணு’ என்னும் ஒரே குழியில் விழுந்துவிட்டன. களைதல் வேறு, அலசுதல் வேறு. கை அசையும் விதமே வேறு. சொல் போனால் அந்த வேறுபாட்டைக் காணும் கண்ணும் போய்விடுகிறது. நான்காம் வகுப்பில் ஒரு மாணவி, தன் பாட்டி ‘அரிசி களைஞ்சு வை’ என்றால் புரியவில்லை என்றாள். வயலில் களை எடுப்பது அவளுக்குப் பாடநூல் வழியாகத் தெரிந்திருந்தது. ஆதலின் அரிசியில் என்ன களை இருக்கும் என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அதைக் கேட்டவளைப் பாராட்டினேன். ஆனால் நாள்தோறும் சோறு பொங்கும் ஒரு தமிழ் வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே அச்சொல் அறுந்துகிடக்கிறது என்பதை எண்ணி வருந்தாதிருக்க இயலவில்லை.

‘பண்ணு’ என்பது நல்ல தமிழ் வினைதானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். குறை அச்சொல்லில் இல்லை. ‘கல்யாணம் பண்ணு’, ‘பூசை பண்ணு’, ‘யோசனை பண்ணு’ என்று வடமொழிப் பெயரோடு அதைச் சேர்ப்பது பழக்கமே. அங்கெல்லாம் பெயரோடு சேர்ந்து அது ஒரு செயலைக் குறித்தது. பக்கத்திலிருந்த தமிழ் வினைகளை அவ்வளவாகத் தள்ளிவிடவில்லை. இன்றோ ஆங்கில வினையையே அப்படியே நிறுத்தி அதன் வாலில் ‘பண்ணு’வைக் கட்டுகிறோம். நினை, முடிவு செய், காத்திரு, மற, தேடு, அழை, அனுப்பு, திற, மூடு என நாவில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. பெயர்ச்சொல்லை இரவல் வாங்கினால் வீட்டுக்கு ஒரு புதுப் பொருள் வருகிறது. வினைச்சொல்லை இரவல் வாங்கினால் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவனை வெளியே அனுப்புகிறோம்.

இதன் விளைவு இலக்கணத்தில் எங்கே போய் முடிகிறது என்பதை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழ் வினைக்குத் தன்வினை, பிறவினை என்று இரு நிலைகள் உண்டு. ஓடு, ஓட்டு, நிரம்பு, நிரப்பு, திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, உருகு, உருக்கு. ஓர் ஒற்று வலிப்பதாலேயே செய்பவன் மாறுகிறான். ஆங்கில வினை வந்தபின் இந்த அமைப்பு முழுவதற்கும் ‘ஆகு’, ‘பண்ணு’ என்னும் இரண்டே சொற்கள் எஞ்சுகின்றன. ‘ஃபில் ஆயிருச்சு’, ‘ஃபில் பண்ணிட்டேன்’ என்பதோடு சரி.

துணைவினைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒரு கோப்பை உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். ‘உடைஞ்சு போச்சு’ என்றால் யார்மீதும் பழியில்லை. ‘உடைச்சுட்டான்’ என்றால் காரியம் முடிந்தது. ‘உடைச்சுப் போட்டான்’ என்றால் பொறுப்பில்லாமல் செய்தான். ‘உடைச்சுத் தொலைச்சான்’ என்றால் சொல்லுபவர் எரிச்சலில் இருக்கிறார். ‘உடைச்சு வச்சிருக்கான்’ என்றால் இனி அதன் தொல்லையைப் பிறர் சுமக்க வேண்டும். பல்லை ‘உடைச்சுக்கிட்டான்’ என்றால் கேடு அவனுக்கே. இத்தனை நுட்பமும் பேச்சுத் தமிழின் சொத்து. எழுத்துத் தமிழ் இவற்றிற் பலவற்றைப் பயன்படுத்துவதே அரிது. பேசத் தெரிந்த கிழவி ஒருத்தி, கோப்பை உடைந்ததை மட்டுமன்று, உடைத்தவன் யார், அவனைப் பற்றித் தன் எண்ணம் என்ன என்பதையெல்லாம் இரண்டு சொற்களில் கூறிவிடுவாள். இன்றைய பிள்ளைகளிற் பலரிடம் ‘பிரேக் ஆயிருச்சு’, ‘பிரேக் பண்ணிட்டான்’ என்னும் இரண்டே உள்ளன. வீட்டில் பெரியவர்கள் இத்துணைவினைகளைக் கையாளக் கேட்டால்தான் பிள்ளைக்கு இவை படியும். பாடநூலில் படித்துப் பெறக்கூடியவை அல்ல இவை.

உறவுமுறைச் சொற்களின் கதை பலரும் அறிந்ததே. பெரியப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ஓர் ‘அங்கிள்’ ஆகிவிட்டனர். அத்தையும் சின்னம்மாவும் ஓர் ‘ஆன்ட்டி’ ஆகிவிட்டனர். யார் மகளை மணக்கலாம், யார் மகள் தங்கை முறை என்பதெல்லாம் அச்சொற்களிலேயே அடங்கியிருந்தன. விளிவேற்றுமையும் தேய்கிறது. நம் பள்ளிகளிலேயே ‘வணக்கம் ஆசிரியர்’ என்று பிள்ளைகள் எழுவாயை நீட்டுகின்றனரேயன்றி ‘ஆசிரியரே’ என்றோ ‘ஐயா’ என்றோ விளிப்பவர் குறைவு. மலாயில் ஆசிரியரை அழைப்பதற்கும் குறிப்பதற்கும் ஒரே சொல் போதும். அந்த அச்சில் தமிழையும் வார்த்துவிட்டோம்.

ஒலியைப் பற்றிச் சில சொற்கள். ழகரம் தமிழ்நாட்டின் தென்பகுதியில் ளகரமாகவும், வடபகுதியில் சிலரிடம் யகரமாகவும் ஒலிப்பது பழைய வட்டார வழக்கு. அவ்வட்டாரங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழியினரே நாம். ஆதலின் ழகரப் பிழையைத் திருத்துவோம், ஆனால் அதையே தமிழின் மரணச் செய்தியாக அறிவிக்க வேண்டுவதில்லை. ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டு வளரும் பிள்ளைகளிடம் நான் காணும் குறை வேறு. குறில் நெடில் வேறுபாடும் ஒற்றிரட்டிப்பும் அவர்களிடம் குழம்புகின்றன. படம், பட்டம், பாடம் மூன்றும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. கனியும் கன்னியும் பலியும் பல்லியும் கலந்துவிடுகின்றன. ழகரம் தவறினாலும் பொருள் பெரும்பாலும் விளங்கும். மாத்திரை தவறினால் தமிழே விளங்காது. நம் ஒலிப்புப் பயிற்சிகளோ ழகர நாப்பயிற்சியிலேயே முடிந்துவிடுகின்றன.

இந்நிலை எவ்வாறு வந்தது? ஒரு காரணம் மட்டும் சொல்லுபவரை நம்பாதீர்கள். எனினும் முதற்காரணம் பள்ளியிலோ திரைப்படத்திலோ இல்லை. பேச்சு வாழ்ந்த இடம் போயிற்று. ஆள் கட்டும் முறையில் பல மாவட்டத்தாரும் ஒரே லயத்தில் குடியேறினர். 1938-இல் இந்திய அரசு உதவியோடு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்த பின்னும், அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மரம் வெட்டினர். தோட்டங்களில் பள்ளி நடத்துவதை 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளின் கடமையாக்கியிருந்தது. சேலத்தார் பேச்சும் தஞ்சையார் பேச்சும் ஆர்க்காட்டார் பேச்சும் லயத்துக் குழாயடியில் கலந்து ஒன்றாயின. தெலுங்கரும் மலையாளிகளும்கூட அத்தமிழைப் பேசினர். பால்மரத்து நிரையில், ஆயாக் கொட்டகையில், மாரியம்மன் கோயில் திருவிழாவில், மாலையில் லயத்து வாசலில் என நாள் முழுதும் பேச்சு நடந்தது. ஒரு பிள்ளை ஐந்து வயதுக்குள் நூறு பெரியவர்களின் தமிழைக் கேட்டது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினர். அடுக்குமாடியில் வளரும் பிள்ளை கேட்கும் தமிழ் பெற்றோர் இருவருடையது. அதுவும் அவர்கள் வேலையிலிருந்து களைத்து வந்தபின் பேசும் சில வாக்கியங்கள். மற்றபடி தொலைக்காட்சித் தொடரின் அழுகை. ஆறாம் வகுப்போடு தமிழ்வழிக் கல்வி முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பதில்லை. என் போன்றோர் பணியாற்றும் தோட்டப்புறப் பள்ளிகள் பலவும் இன்று ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்னும் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூரில் நிலைமை இன்னும் விரைந்து நகர்ந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்குள்ள இந்தியரிற் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியும் பேசுவது ஆங்கிலமே. அவர்களில் தமிழரல்லாதாரும் உளர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் செய்தி மகிழத்தக்கதன்று.

வீடு கைவிட்ட இடத்தில் பள்ளி என்ன செய்தது? இங்கேதான் நம்மவரை நாமே குறை கூற வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழைப் பள்ளி வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொன்னோம். பயிற்சி ஆசிரியர் ஒருவரின் வகுப்பில், வேறொரு பள்ளியில், நடந்ததாக நண்பர் ஒருவர் கூறியது இது. இரண்டாம் வகுப்புச் சிறுவன் எழுந்து, ‘நேத்து எங்க பாட்டி செத்துப் போச்சு’ என்றான். ஆசிரியர் உடனே, ‘நேற்று என் பாட்டி இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும், பாட்டி உயர்திணை’ என்று திருத்தினார். சிறுவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த பாடவேளையில் மலாய் ஆசிரியை வந்தபோது அவரிடம் மலாயில் அதைச் சொல்லி அழுதான். அவர் திணையைக் கேட்கவில்லை. அவனை அருகில் அழைத்துத் தலையைத் தடவினார்.

பயிற்சி ஆசிரியர் கொடியவர் அல்லர். நாம் பயிற்றுவித்தபடியே செய்தார். பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் நாம் காதால் கேட்பது செய்தியை அன்று, பிழையை. அதன் பயனாகப் பிள்ளை எழுத்துத் தமிழில் பேசக் கற்றுக்கொள்கிறதா? இல்லை. எழுத்துத் தமிழில் எவரும் பேசுவதில்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் ஓய்வறையில் நாம் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பது அதன் காதில் விழாமலா இருக்கும்? எனவே தமிழில் சொன்னால் தவறாகும், மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் தவறாகாது என்னும் பாடத்தையே அது கற்கிறது.

தூய சொற்பட்டியல்களும் இவ்வாறே. புதுச்சொல் படைப்பதை நான் எதிர்ப்பவனல்லேன். செம்பனை என்பது எத்துணை அழகிய ஆக்கம், தோட்டத்துத் தொழிலாளியின் வாயிலும் ஏறிவிட்டது! ஆனால் ஏறாத சொற்களுக்கே நாம் மிகுதியாகப் பாடுபடுகிறோம். மகிழுந்து என்று பிழையின்றி எழுதும் பிள்ளைக்குத் ‘துலக்கு’ தெரியவில்லை. காப்பியைக் குளம்பி என்று எழுதினால் மகிழ்கிற நாம், அக்காப்பியை ‘ஆற்றிக் கொடு’ என்றால் பிள்ளைக்கு விளங்குகிறதா என்று பார்ப்பதில்லை. பெயர்களுக்குக் காவல் நின்ற நேரத்தில் வினைகள் பின்வாசல் வழியாகப் போய்விட்டன.

தேர்வும் ஒரு காரணமாயிருந்தது. 1988 முதல் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு பெரும்பாலும் எழுத்தையே அளந்தது. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் எழுத்தையே பிடித்துக்கொண்டனர். 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. இன்று வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல், பேச்சுத் திறன்களுக்கு இடமிருக்கிறது. அவ்விடத்தையும் மனப்பாடம் செய்த மேடைப் பேச்சுகளால் நிரப்பிவிடாமல் இருந்தால் சரி. மனப்பாடப் பேச்சு, பேச்சுத் திறன் அன்று, அது ஒப்புவித்தல்.

சிங்கப்பூரார் இதில் நமக்கு முந்திக்கொண்டனர் என்றே சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்த குழு 2005-இல் தந்த அறிக்கைக்குப் பின், அங்கே பேச்சுத் தமிழும் வகுப்பறையில் இடம் பெற்றது. நல்ல பேச்சு வழக்கைக் கற்பிப்பதும் பள்ளியின் வேலை என்று ஏற்றுக்கொண்டனர். அதைக் கேட்டு இங்கே சிலர் தமிழுக்கு இழுக்கு என்றனர். பேச்சுத் தமிழைப் பள்ளியில் நுழைத்தால் எழுத்துத் தமிழ் கெடும் என்பது அவர்கள் வாதம். இது பட்டறிவுக்கு முரணானது. பழைய தோட்டப் பிள்ளைகள் நாள் முழுதும் பேச்சுத் தமிழே பேசினர். எழுதும்போது பிழையின்றி எழுதினர். இந்நாட்டின் தமிழ் எழுத்தாளர் பலர் அந்த லயங்களிலிருந்தே வந்தனர். பேச்சு வளமாயிருந்தவனுக்கு எழுத்து ஏறியது. பேச்சற்ற பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் ஓர் அயல்மொழியாகவே நிற்கிறது; அதைத்தான் இன்று ஒவ்வொரு கட்டுரை நோட்டிலும் திருத்துகிறோம்.

எந்தப் பேச்சுத் தமிழைக் கற்பிப்பது என்னும் வினா மட்டும் எளிதன்று. திரைப்படத்தின் சென்னைத் தமிழையா? தொலைக்காட்சித் தொடரின் தமிழையா? தனியார் வானொலி அறிவிப்பாளர் சிலரின், ஆங்கில இராகத்தில் இழுத்துப் பேசும் தமிழையா? லயத்தில் பல மாவட்டத்தாரும் கூடிச் சமைத்த இந்நாட்டுத் தமிழே போதும் என்பேன். ‘வந்துட்டாங்க’, ‘பசியாறியாச்சா’, ‘சொல்லிக்கிட்டு இருந்தாரு’ என்பவை யாவருக்கும் பொதுவானவை. சாதியையோ ஊரையோ காட்டிக்கொடுக்காத பேச்சு அது. அதைப் பேசும் பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். ஆனால் எண்பதைக் கடந்துவிட்டனர்.

எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு தொடங்கிய ஒரு சிறு பழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். வியாழக்கிழமை தோறும் ஒரு மாணவர் ஐந்து நிமிடம் எழுந்து, வீட்டிலோ வெளியிலோ தாம் கண்ட ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் சொல்லலாம்; யாரும் இடையில் திருத்தக்கூடாது. ‘பண்ணு’ என்னும் சொல்லை மட்டும் ஆளக்கூடாது. சொல்லி முடித்தபின் வந்த வினைகளைக் கரும்பலகையில் எழுதுகிறோம். மறுநாள் அதே செய்தியை எழுத்துத் தமிழில் எழுதி வரச் சொல்லுகிறோம். தொடக்கத்தில் பிள்ளைகள் திணறினர். ‘பண்ணு’ இல்லாமல் இரண்டு வாக்கியம் நகரவில்லை. வீட்டில் போய்ப் பாட்டியிடம் கேட்டு வருவது அதன் பின்னரே தொடங்கியது.

சென்ற மாதம் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் தந்தை செம்பனைக் குலை அறுப்பதைச் சொன்னான். கழியில் கட்டிய அரிவாளை நிமிர்த்தி, முதலில் குலையைத் தாங்கும் மட்டையைச் சீவி, பிறகு குலையை அறுத்துத் தள்ளி, நீண்ட காம்பைக் கொத்தி, சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிக் கூட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, சாலையோரம் கொண்டுபோய்க் கொட்டுவதுவரை தட்டாமல் சொன்னான். மலாயில் கட்டுரை எழுதினால் அரைப்பக்கம் தாண்டாத பிள்ளை அவன். கரும்பலகையில் பத்தொன்பது வினைகள் ஏறின. ‘மட்டையை வெட்டறது இல்லயா, சீவறதா?’ என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். ‘வெட்டுனா கத்தி மாட்டிக்கும், சீவுனாத்தான் வழுக்கிக்கிட்டு விழும்’ என்றான். எங்கள் ஆசிரியர் எவருக்கும் அது தெரியாது. அடுத்த வியாழனுக்கு, மீன் ஆய்வதைப் பற்றிப் பேச அவளே பெயர் கொடுத்திருக்கிறாள்.